மினி டிராக்டருக்கு ஒரு டிரெய்லர்: தோப்பு வேலைக்காக நாங்களே கட்டியது

தோப்புக்கு மினி டிராக்டர் வாங்கியது ரொட்டவேட்டர் ஓட்டத்தான். வாங்கிய பிறகு பார்த்தால் உழுகிற வேலையைவிடச் சுமக்கிற வேலைதான் அதிகம். விழுந்த மட்டைகளை ஓரம் சேர்க்க வேண்டும், பறித்த தேங்காயைக் களத்துக்குக் கொண்டுவர வேண்டும், சாணி எருவை மரத்துக்கு மரம் போட வேண்டும். அப்புறம் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், வேலிக்கல், ஆட்டுத் தீவனம், கோடையில் புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர். பொள்ளாச்சிப் பக்கம் விற்பனைக்கு நிற்கும் டிரெய்லர்களைப் போய்ப் பார்த்தோம். நான் பார்த்தவை எல்லாம் பெரிய டிராக்டரை மனதில் வைத்துச் செய்தவை. 20 குதிரைத்திறனுக்குள் இருக்கும் எங்கள் வண்டிக்கு அவற்றின் வெறும் எடையே பாதிச் சுமை. சரி, நாமே கட்டிவிடலாம் என்று இறங்கினோம். நாமே என்றால் நானும், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஊர்க்கார அண்ணன் ஒருவரும்.

இரும்பு வாங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டோம். அடிச்சட்டம் வெறும் தட்டையான மேடை. அதன் மேல் வருவதெல்லாம் கழற்றி மாட்டுவது. பல வேலைக்கு ஒரே வண்டி என்று ஆரம்பிப்பவர்கள் பலர் பக்கத் தகடு, கூண்டு, ஏணி வைக்கும் தாங்கி என எல்லாவற்றையும் வெல்டிங்கில் பற்ற வைத்துவிடுகிறார்கள். அப்புறம் 20 அடி மூங்கில் ஏற்ற வேண்டிய நாளில் அந்தக் கூண்டே தடை. மேடை மட்டும் உறுதியாக இருந்தால் மற்றதை ஒவ்வொன்றாகப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அளவும் ஆக்ஸில் வரும் இடமும்

மேடை 7 அடி நீளம், 4 அடி அகலம். கடையில் தகடு 8க்கு 4 அடியில் வருகிறது. அகலத்தை வெட்டவே வேண்டாம், நீளத்தில் ஓர் அடி மட்டும் நறுக்கினால் போதும். மிஞ்சிய துண்டு சக்கரத்தின் மேல் மட்கார்டுக்குச் சரியாக இருந்தது.

சக்கரத்தை மேடைக்கு அடியில் வைப்பதா, வெளியே வைப்பதா என்று கொஞ்சம் யோசித்தோம். அடியில் வைத்தால் வண்டி ஒடுக்கமாக இருக்கும், வாழை ஊடுபயிர் வரிசைக்குள் நுழையும். ஆனால் மேடை இரண்டரை அடிக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு எருக்கூடையையும் அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். வெளியே வைத்தால் மொத்த அகலம் 5 அடியைத் தாண்டினாலும் மேடை முழங்கால் உயரத்திலேயே நிற்கும், சரிவில் கவிழும் பயமும் குறையும். தென்னை வரிசை 25 அடி இடைவெளி. அகலம் எனக்குப் பிரச்சினையே இல்லை. வெளியே வைத்தோம். தரையிலிருந்து மேடைக்கு 18 இன்ச்தான்.

இனி ஆக்ஸில். மொத்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். மேடையின் நட்ட நடுவில் ஆக்ஸிலை வைத்தால் சுமை தராசுபோல இரண்டு பக்கமும் சமமாக நிற்கும், டிராக்டர் கொக்கியில் எடையே விழாது. பின்னால் இரண்டு மூட்டை கூடினால் முன் வளையம் கொக்கியை மேலே தூக்கும். அப்போது டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழந்து சேற்றில் சும்மா சுற்றும். ஆக்ஸிலை ரொம்பப் பின்னால் தள்ளினால் இதற்கு நேர்மாறு. கொக்கியில் எடை கூடி, மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. சுமையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழும்படி வைப்பது பத்திரமான நடுவழி.

கணக்கு எளிது. மேடையின் முன் விளிம்பிலிருந்து கொக்கி வளையம் 3 அடி. மேடையின் மையம் அங்கிருந்து மூன்றரை அடி உள்ளே. ஆக்ஸிலை மையத்துக்கு 9 இன்ச் பின்னால் வைத்தால் ஆக்ஸிலிலிருந்து வளையத்துக்கு ஏழேகால் அடி. முக்கால் அடியை ஏழேகாலால் வகுத்தால் கிட்டத்தட்ட 10 சதவீதம். 800 கிலோவைப் பரவலாக ஏற்றினால் கொக்கியில் 80 கிலோ சொச்சம் விழும். அது டிராக்டரின் பின்சக்கரத்தை அழுத்திப் பிடிப்பைக் கூட்டத்தான் செய்யும்.

மேடையின் முன் விளிம்பிலிருந்து வளையம் வரை நீளும் முன்நீட்டத்துக்கு 3 அடி என்பதைக் களத்து சிமென்ட் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரைந்து பார்த்துத்தான் முடிவு செய்தோம். டிராக்டரை அந்தப் படத்தின் முன் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்த்தினால் பின்டயர் மேடையின் மூலையை எந்த இடத்தில் உரசும் என்பது கண்ணால் தெரியும். காகிதத்தில் எவ்வளவு போட்டாலும் இந்தத் தெளிவு வராது. நீட்டத்தைக் குறைத்தால் டயர் மூலையில் இடிக்கும், கூட்டினால் தோப்புக்குள் திருப்ப இடம் பத்தாது.

உக்கடத்தில் சக்கரம், லேத்தில் ஆக்ஸில்

பழைய வண்டிச் சாமானுக்குச் சென்னையில் புதுப்பேட்டை என்றால் கோவையில் உக்கடம். அங்கே பழைய ஜீப் ரிம் இரண்டு வாங்கினோம். 6.00-16 டயர் போடும் ரிம், ஐந்து போல்ட், போல்ட்கள் அமையும் வட்டத்தின் விட்டம் ஐந்தரை இன்ச். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, சக்கரத்தின் விட்டம் கிட்டத்தட்ட 28 இன்ச். சிறிய ஆட்டோ சக்கரம் குழியில் இறங்கும் இடத்தில் இது உருண்டு தாண்டிவிடும். இன்னொன்று, இந்த அளவு டயர் எந்த ஊரிலும் கிடைக்கும். ரிம் வாங்கும்போது தரையில் உருட்டிப் பார்த்து வாங்க வேண்டும். கோணல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். போல்ட் ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

ஆக்ஸிலுக்கு 50 மி.மீ. சதுரக் கம்பி, இ.என்.8 எஃகு. இரண்டு முனையையும் லேத்தில் கடைந்து, உள் பேரிங்குக்கு 40 மி.மீ., வெளிப் பேரிங்குக்கு 30 மி.மீ. என்று படிக்கட்டாக இறக்கினோம். பேரிங் இரண்டும் டேப்பர் வகை, 30208, 30206. இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மி.மீட்டரில் வந்துவிடும். 08 என்றால் 40, 06 என்றால் 30. கடைக்காரர் வேறு எதையாவது எடுத்து நீட்டினால் அங்கேயே சொல்லிவிடலாம்.

இந்த ஆக்ஸிலைச் சட்டத்தோடு எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பட்டறை அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். "சுத்தி ஒரு ரன் வெல்டிங் போட்டுட்டா நூறு வருசத்துக்கு அசையாது தம்பி" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இ.என்.8 கரிமம் கூடுதலான எஃகு. சூடேற்றாமல் அப்படியே வெல்டிங் வைத்தால் பற்றவைத்த ஓரத்தில் கண்ணாடிபோல் கடினமாகி, பின்னால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். வண்டியின் முழு எடையும் குதிக்கிற இடத்தில் அந்தச் சோதனை வேண்டாம். லாரிகளில் பட்டை ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி யு போல்ட் போடலாம் என்றேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு யு போல்ட், மேலே 10 மி.மீ. தகடு. இதில் கூடுதல் லாபம், நட்டைத் தளர்த்தினால் ஆக்ஸிலை முன்னும் பின்னும் ஓரிரு இன்ச் நகர்த்தலாம். கணக்கில் போட்ட 10 சதவீதத்தை நிஜச் சுமையோடு சரிபார்க்க இது உதவும் என்றதும் அண்ணன் சரி என்றார்.

பட்டை ஸ்பிரிங் வைக்கவில்லை. தோப்புக்குள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் போவதே அதிகம். அந்த வேகத்துக்கு டயரில் இருக்கும் காற்றே ஸ்பிரிங். சாலையில் வேகமாக ஓடும் வண்டிக்கு இந்த நியாயம் பொருந்தாது.

ஹப், அதாவது பேரிங்குகள் உட்காரும் சக்கரக் குடம், மாட்டும்போது ஒரு நுணுக்கம். டேப்பர் பேரிங்கை நட்டுப் போட்டு இறுக்கி அப்படியே விடக்கூடாது. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்கி, கனமாகச் சுற்றுகிறது என்று தெரிந்ததும் நட்டைப் பின்னால் விட்டு, அடுத்த ஸ்பிளிட் பின் ஓட்டைக்கு நேராக நிறுத்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது, தள்ளிவிட்டால் தாராளமாகச் சுற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற இடம் ஒன்றுதான், கை பழகினால் தெரிந்துவிடும். பின்பக்கம் ஆயில் சீல் மறக்காமல் போட வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு அது இல்லாவிட்டால் பேரிங் சீக்கிரமே துருப்பிடித்துக் கூச்சலிடும்.

சட்டம் கட்டியது

சுற்றுச் சட்டத்துக்கு 75க்கு 40 மி.மீ. சேனல், 'ப' வடிவ இரும்பு. மீட்டருக்கு 7 கிலோ சொச்சம் வரும். அண்ணன் 100 சேனல் போடச் சொன்னார். அது மீட்டருக்கு ஒன்பதரை கிலோ. மொத்தச் சேனல் நீளம் 10 மீட்டர் என்பதால் வித்தியாசம் 24 கிலோ மட்டுமே. ஆனால் மேடை ஓர் இன்ச் உயரும், எனக்கு 75 போதும். நீளவாக்கில் ஓடும் சேனல்களான ரெயில் இரண்டையும் மேடையின் வெளி ஓரத்திலேயே வைத்தோம். சக்கரத்துக்கும் ரெயிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஆக்ஸிலை வளைக்கிறது. அந்த இடைவெளி எங்களுக்கு 6 இன்ச். ரெயிலை உள்ளே தள்ளி வைத்தால் அதே சுமைக்கு ஆக்ஸில் இரண்டு மடங்கு தடிமன் கேட்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், வளைக்கும் விசை இடைவெளிக்கு நேராகக் கூடும் என்பது உறுதி.

குறுக்கே 50க்கு 50 ஆங்கிள் ஐந்து, 6 மி.மீ. கனம். தரைக்கு 3 மி.மீ. சாதாரணத் தகடு. செக்கர் தகடு பார்க்க அழகு, கால் வழுக்காது. ஆனால் எருவை மண்வெட்டியால் சுரண்டி இழுக்கும்போது ஒவ்வொரு புடைப்பும் தட்டும். எருதான் எங்களுக்கு முக்கியச் சுமை என்பதால் சாதாரணத் தகடு.

எல்லாவற்றையும் முதலில் டாக் மட்டும், அதாவது அங்கங்கே பொட்டு வெல்டிங் மட்டும், வைத்தோம். மூலைவிட்டம் இரண்டையும் டேப் பிடித்துப் பார்த்தோம். 7க்கு 4 என்றால் மூலைக்கு மூலை 8 அடி முக்கால் இன்ச் வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்த பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் தொடர்ந்து போடாமல், ஒரு மூலையில் இரண்டு இன்ச், அப்புறம் எதிர் மூலை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே பக்கம் சூடேற்றினால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். 3.15 மி.மீ. 6013 ராடு, நூறு ஆம்பியரை ஒட்டி. தகட்டைச் சுற்றிலும் முழுக்கப் பற்றவைக்கவில்லை. நான்கு இன்ச்சுக்கு ஓர் இன்ச் என்று விட்டுவிட்டுப் போட்டோம், இல்லாவிட்டால் தகடு அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

முன்நீட்டம் 'ஏ' வடிவம். இரண்டு சேனல் ரெயிலுக்கு அடியில் மூன்றாவது குறுக்குச் சட்டம் வரை போய்ச் சேருகிறது. மேடையின் முன் விளிம்பு, இந்தச் சேனல்களைத் தாண்டும் இடம்தான் அதிகம் வளைபடுகிற இடம். அங்கே சேனலுக்குக் குறுக்கே கோடு கிழித்த மாதிரி வெல்டிங் போடக்கூடாது என்று அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குறுக்கு வெல்டிங் அந்தக் கோட்டில் முறிவை அழைக்கும். நீளவாக்கில் மட்டும் பற்றவைத்து, 6 மி.மீ. முக்கோணத் தகடு கொடுத்தோம். வளையத் தகட்டுக்கு மட்டும் 7018 ராடு. அது ஈரம் பட்டால் கெட்டுப்போகும், புதுப் பாக்கெட்டைப் பிரித்து அன்றே பயன்படுத்தினோம்.

கொக்கி உயரம் எங்கள் டிராக்டரில் 13 இன்ச். ரெயிலின் அடிப்பாகம் 15 இன்ச், அதற்குக் கீழே நீட்டச் சேனல் 3 இன்ச். ஆக வளையம் சேனலின் உயரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. தனியாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கவில்லை. 25 மி.மீ. பின், அது எகிறாமல் இருக்க லிஞ்ச் பின், கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலி. சிலர் டிரெய்லரை, உழவுக் கருவியின் மேல் கம்பியான டாப் லிங்க் மாட்டும் உயரமான இடத்தில் சங்கிலி போட்டு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்குக்கூட அதைச் செய்யாதீர்கள். இழுக்கும் புள்ளி பின் ஆக்ஸிலுக்கு மேலே போனால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும்.

கழற்றி மாட்டும் பாகங்கள்

மேடையைச் சுற்றி எட்டு இடங்களில் 2 இன்ச் சதுரக் குழாய்த் துண்டுகளைச் செங்குத்தாகப் பற்றவைத்தோம். பக்கத்துக்கு மூன்று, முன்னால் இரண்டு. ஒன்றரை இன்ச் குழாய் இதற்குள் கொஞ்சம் ஆட்டத்தோடு இறங்கும். அந்த ஆட்டம் வேண்டும். கச்சிதமாக இருந்தால் ஒரு மழைக்குப் பிறகு கழற்றச் சுத்தியல் தேவைப்படும். குழாயின் அடி திறந்தே இருக்கிறது, மண்ணும் தண்ணீரும் தங்காமல் கீழே இறங்கிவிடும்.

பக்கத் தகடுகள் ஒன்றரை அடி உயரம். எரு, மண், தேங்காய் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். வைக்கோலுக்கும் ஆடுகளுக்கும் 4 அடி உயரக் கம்பிவலைச் சட்டம் தனியாக. மட்டை ஏற்ற எதுவும் வேண்டாம், எட்டு கம்பை மட்டும் செருகினால் போதும், நீளவாக்கில் அடுக்கிக் கயிறு போடலாம். குழாய், மூங்கிலுக்குப் பின்கதவைக் கழற்றிவிட்டால் ஆயிற்று. இதில் நான் எதிர்பார்க்காத உபயோகம், எல்லாவற்றையும் கழற்றி விட்டால் களத்தில் நல்ல வேலை மேசை. கிரைண்டர் வேலையெல்லாம் இப்போது அதன் மேல்தான்.

தண்ணீருக்கு 500 லிட்டர் டேங்க். அடியில் மரச்சட்டம் கட்டி, நான்கு குழாய்த் துண்டுகளுக்கு பெல்ட் போட்டு இறுக்கி, மையத்துக்கு நேராக வைக்கிறோம். தண்ணீரைப் பாதி நிரப்பிக்கொண்டு சரிவில் போகக்கூடாது. அலை ஒரு பக்கம் சாயும்போது வண்டியையும் இழுக்கும். முழுக்க நிரப்பு, அல்லது சமதளத்தில் மட்டும் போ.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது, டிப்பர் ஏன் வைக்கவில்லை. ஹைட்ராலிக் இல்லாமல் கையால் கவிழ்ப்பதென்றால் ஆக்ஸிலின் மேல் கீல் வைத்து முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். மேடையின் முன் விளிம்பு ஆக்ஸிலிலிருந்து நாலேகால் அடி. 700 கிலோ எருவென்றால் முக்கால் அடி நெம்புகோலில் அது முன் விளிம்பில் 120 கிலோவுக்கு மேல் கேட்கும். இரண்டு பேர் சேர்ந்தாலும் முதுகு போய்விடும். அதற்காக ஆக்ஸிலை மையத்துக்கு நகர்த்தினால் கவிழ்ப்பது சுலபம், ஆனால் கொக்கியில் எடை போய்விடும். ஓட்டும் பத்திரத்தை விற்று இறக்கும் வசதியை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

பதிலுக்கு ஒரு வேலி வலை வைத்திருக்கிறேன். ஏற்றும் முன் அதைத் தரைத்தகட்டில் விரித்து, முன் விளிம்பில் இரண்டு கயிறு கட்டி, எருவை ஏற்றிய பின் அந்தக் கயிறுகளைச் சுமைக்கு மேலாகப் பின்னால் போட்டுக்கொள்வேன். இறக்கும் இடத்தில் பின்கதவைத் திறந்து, கயிற்றைப் பெரிய அடிமரத்தில் கட்டிவிட்டு, முதல் கியரில் டிராக்டரை நகர்த்தினால் வலையின் முன் விளிம்பு சுருண்டு வந்து எருவைப் பின்னால் உருட்டிவிடும். மிச்சம் கொஞ்சம்தான் மண்வெட்டிக்கு. கயிறு அறுந்தால் சாட்டையாக வீசும், பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது. ஓலை விடுகிற இளமரத்தில் கட்டக்கூடாது, பெரிய மரமானாலும் சாக்குச் சுற்றித்தான் கட்ட வேண்டும்.

பெயிண்ட்

வெல்டிங் கசடை முழுக்கத் தட்டி எடுத்து, ரெட் ஆக்ஸைடு இரண்டு கை, மேலே எனாமல். தரைத்தகட்டின் உள்பக்கம் மட்டும் கறுப்பு பிட்டுமன். சாணமும் உரமும் இரும்பைத் தின்னும். மூலைக்கு ஒன்றாக 10 மி.மீ. ஓட்டை போட்டிருக்கிறோம், கழுவினால் தண்ணீர் நிற்காது. பெயிண்ட் அடிக்கும் முன்பே ஓட்டை போடுவது நல்லது, ஓட்டையின் விளிம்பும் நனையும்.

பக்கத் தகட்டின் உள்ளே, தரைத்தகட்டிலிருந்து 6 இன்ச் உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு. மணல் அளவுக்கான கோடு அது. பெட்டியின் கொள்ளளவு 42 கன அடி. எருவாக நிரப்பினால் 700, 800 கிலோ வரும், தாங்கும். உரிக்காத தேங்காயை விளிம்பு வரை குவித்தாலும் கவலையில்லை. ஆனால் ஈர மணலை விளிம்பு வரை நிரப்பினால் 2 டன்னைத் தாண்டும். ஏற்றுகிற ஆளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, மணலும் ஜல்லியும் மஞ்சள் கோட்டோடு நிறுத்து என்றால் போதும். அங்கே நிறுத்தினால் 14 கன அடி, 700 கிலோ சொச்சம்.

வண்டியின் வெற்று எடை 300 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரும்பை நாங்கள் வாங்கியபோது கிலோ 65 ரூபாயை ஒட்டி இருந்தது. சக்கரம், பேரிங், லேத் கூலி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயைச் சுற்றி வந்தது. அண்ணனின் கூலியை இதில் சேர்க்கவில்லை, அது தேங்காயாகவும் போனது, பணமாகவும் போனது.

ஓட்டும்போது

டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் எடையை டிராக்டர் மட்டும்தான் தடுக்க வேண்டும். ஆகவே, வாய்க்கால் கரை இறக்கத்தில் பாதிச் சுமைதான். ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும், நடுவில் கிளட்ச்சை மிதிக்கக்கூடாது. டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் டிரெய்லரோடு கிளம்ப வேண்டும். உழவில் தனித்தனியாக மிதித்துப் பழகிய கால் இறக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தினால் வண்டி மடங்கிக்கொள்ளும்.

கழற்றி நிறுத்தும்போது முன்னால் ஒரு தாங்குகால், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. பின்பக்கம் இரண்டு மடக்குக் கால்களும் வைத்திருக்கிறோம். கொக்கியில் மாட்டாத வண்டியின் பின்விளிம்பில் ஓர் ஆள் ஏறினாலே முன்நீட்டம் மேலே எகிறும்.

இது தோப்பு எல்லைக்குள் ஓடும் வண்டி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதன் விளக்கத்திலேயே டிரெய்லரும் அடக்கம். அதனால் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு வேண்டும். வீட்டில் கட்டியதைச் சாலைக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இரும்பு வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறோம். இரவில் மோட்டார் போட வருகிறவர்கள் பைக்கில்தான் வருகிறார்கள்.

யு போல்ட் நட்டுகளை முதல் சில சுமைகளுக்குப் பிறகு மறுபடி இறுக்கினோம். புது இரும்பு அமர்ந்து கொடுக்கும்போது கால் சுற்று, அரைச் சுற்று தளரத்தான் செய்யும். ஆக்ஸிலை நகர்த்த வேண்டிய தேவை இதுவரை வரவில்லை. அடுத்ததாக மரம் ஏறுகிற ஏணியைப் படுக்க வைக்க, முன்குழாய்களில் செருகும் ஒரு தாங்கி செய்ய வேண்டும். ஒன்றரை இன்ச் குழாய்த் துண்டு பட்டறையில் ஏற்கெனவே கிடக்கிறது.